ஒரு அட்டை, ஒரு ஓட்டை, பத்துக் கோடிட்ட இடங்கள்

சீனாவில் மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரிடம் ஆங்கில இலக்கணம் என்றால் என்ன என்று கேட்டால், '15 மார்க்' என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும். காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத் தாளுக்கு மொத்தம் 150. அதில் இலக்கணத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. சுமார் 200 சொற்களில் ஒரு பத்தி, அதற்குள் பத்துக் கோடிட்ட இடங்கள், ஒன்றுக்கு 1.5 மதிப்பெண். பெரும்பாலான இடங்களில் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் மூலச்சொல் இருக்கும். அதைச் சரியான வடிவத்துக்கு மாற்றினால் போதும். மீதி இடங்களில் எந்தத் துப்பும் கிடையாது. ஆர்ட்டிகிளா, பிரிபோசிஷனா, இணைப்புச் சொல்லா என்று மாணவரே கண்டுபிடித்து எழுத வேண்டும்.

தனித்தனி வாக்கியமாகக் கேட்காமல் ஒரு பத்திக்குள் வைத்துக் கேட்பதால் இதற்குச் 'சூழலில் இலக்கணம்' என்று பெயர். பெயர் சரி. பத்தி இருந்தால் சூழல் வந்துவிடுமா என்பதுதான் என் சந்தேகம்.

நான் கோயம்புத்தூரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தவள். கணவரின் வேலைக்காகக் குடும்பத்தோடு சீனாவின் ஜியாங்சூ மாகாணத்தில் இருக்கும் சூச்சோ நகரத்துக்கு வந்தோம். குடும்ப விசாவில் வந்தவர்கள் இங்கே வேலை பார்க்கக் கூடாது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சீனம் சொல்லித் தருவதும், பதிலுக்கு நான் அவருடைய பையனோடு உட்கார்ந்து ஆங்கிலம் பார்ப்பதும் வேலைக் கணக்கில் வராது என்று எடுத்துக்கொண்டோம். பையன் ஒருவன் இரண்டு பேரானான், அப்புறம் அவர்கள் வகுப்புப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் அவர்களுக்கு மூச்சு விடக் கிடைக்கும் நேரம். அதையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து கழிப்பார்கள். என்னை 'ஆயீ' என்று கூப்பிடுவார்கள். அம்மாவின் தோழிகளை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

அந்த அக்காவின் மூத்த பெண் 2020-இல் காவ்காவ் எழுதியவள். அப்போது ஜியாங்சூவுக்குத் தனித் தாள், ஆங்கிலத்துக்கு 120 மதிப்பெண். அதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்கியக் கேள்விகள் பதினைந்து இருந்தன. அடுத்த வருடமே மாகாணம் தேசியப் புதுத் தாளுக்கு மாறியது. தனி வாக்கியக் கேள்விகள் போய், கோடிட்ட பத்தி வந்தது. தம்பிக்கு அதுதான். மற்ற இடங்களில் இந்த மாற்றம் முன்பே நடந்துவிட்டது: குவாங்டோங் மாகாணம் 2007-இலேயே பத்திக்கு மாறியது, தேசியத் தாள்கள் 2014-இல் மாறின. 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட ஆவணமும் இலக்கணத்தை வடிவம், பொருள், பயன்பாடு என மூன்றாகப் பிரித்து, மூன்றையும் சூழலுக்குள் வைத்துக் கற்பிக்கச் சொல்கிறது. காகிதத்தில் பார்த்தால் எனக்கு முழுச் சம்மதம்.

மேசையில் நடந்தது வேறு. பையன் ஒரு பத்தியை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டான், பத்தில் ஒன்பது சரி. பத்தி எதைப் பற்றியது என்று கேட்டேன். "படிக்கலையே ஆயீ, கோடு போட்ட இடத்தை மட்டும்தான் பார்த்தேன்" என்றான். அலட்சியம் இல்லை, பள்ளியில் சொல்லிக் கொடுத்த உத்தியே அதுதான்.

அன்றைக்கு ஒரு கெட்டி அட்டையில் சின்னதாகச் செவ்வக ஓட்டை வெட்டினேன். கோடிட்ட இடமும் அதற்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று சொற்களும் மட்டும் தெரியும். அட்டையைத் தாள் மீது நகர்த்திக்கொண்டே போய் விடை சொல்லச் சொன்னேன். பழைய தேர்வுத் தாள்களை இப்படிப் பரிசோதித்தால் பெரும்பாலான இடங்களுக்கு விடை கிடைத்துவிடுகிறது. 2020 தேசியத் தாள் ஒன்றில் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சாங்'இ 4 விண்கலம் பற்றிய பத்தி. வினைச்சொல்லுக்குக் காலம் கேட்கிறார்கள். அந்த வினையை ஒட்டியே 'லாஸ்ட் வீக்' என்று இருக்கிறது. இறந்தகாலம், முடிந்தது. விண்கலம் நிலவில் இறங்கினால் என்ன, கிணற்றில் விழுந்தால் என்ன? 2022-இல் பாண்டா தேசியப் பூங்கா. 'த்ரீ டைம்ஸ்' என்பதற்கும் 'சைஸ் ஆஃப்' என்பதற்கும் நடுவில் ஒரு கோடு. 'தி' தவிர வேறெதுவும் அங்கே உட்காராது. 2023-இல் எங்கள் பக்கத்துக்காரர்கள் உயிரையே விடும் சியாவ்லோங்பாவ், அதாவது உள்ளே சூடான சூப் நிற்கும் கொழுக்கட்டை. 'ஹாட்' என்பதற்கும் 'சூப்' என்பதற்கும் நடுவில் 'டேஸ்ட்' என்ற சொல்லை மாற்றச் சொன்னால் 'டேஸ்டி' என்று எழுத நாக்கில் சுவை தெரிய வேண்டியதில்லை.

தேர்வு வைப்பவர்களைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. 2024-இல் காவ்காவுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அத்தனை தாளையும் சில வாரங்களில் திருத்த வேண்டும் என்றால் ஒரு கோட்டுக்கு ஒரே விடைதான் இருக்க முடியும். ஒரே விடை வேண்டும் என்றால் துப்பைப் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும். துப்பு பக்கத்தில் இருந்தால் பத்தி தேவையில்லை. தேர்வுக்கு இது பரவாயில்லை. ஆனால் வகுப்பறைப் பயிற்சியும் மூன்று வருடம் இதே அச்சில் நடந்தால், பிள்ளைகளுக்கு ஏற்கனவே இருக்கும் ஒரு பெரிய பலம் கடைசி வரை பயன்படாமலே போகிறது.

அந்தப் பலம் சீன மொழி தந்தது. சீன வினைச்சொல்லுக்குக் காலம் காட்டும் விகுதி இல்லை, ஆள் காட்டும் விகுதி இல்லை. பெயர்ச்சொல்லுக்குப் பன்மை பெரும்பாலும் இல்லை. எ, தி என்று ஆர்ட்டிகிளும் இல்லை. 'நேற்று' என்று கதையின் தொடக்கத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் கடைசி வரை அது நேற்றுதான். ஒவ்வொரு வினையிலும் அதை மறுபடி சொல்ல மாட்டார்கள். ஆகவே சீனம் பேசுகிறவர் முந்தைய வாக்கியங்களை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வாக்கியத்தைப் புரிந்துகொள்கிறார். சூழலில் வைத்து வாசிக்க இவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்கிறார்கள்.

ஆர்ட்டிகிளையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனர்களுக்கு 'தி' புரியாது என்று ஒரு பொதுக் கருத்து உண்டு, என்னோடு கோவையில் வேலை பார்த்தவர்கள் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வது போலவே. ஆனால் சீனத்தில் 'கெரென் லாய் லெ' என்றால் நாம் எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டார் என்று பொருள். சொற்களை இடம் மாற்றி 'லாய் கெரென் லெ' என்றால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார், யாரென்று தெரியவில்லை. வினைக்கு முன்னால் வந்தால் தெரிந்தவர், பின்னால் வந்தால் தெரியாதவர். இந்த இரண்டையும் எழுதிக் காட்டி, எது 'தி', எது 'எ' என்று கேட்டபோது மேசையில் இருந்த ஒருவர்கூடத் தடுமாறவில்லை. அவர்களிடம் இல்லாதது அந்த வேறுபாட்டைக் கேட்டவுடன் ஒரு சின்னச் சொல்லாக வெளியே போடும் பழக்கம் மட்டும்தான். விதிப் பட்டியலில் 'முதன்முறை வந்தால் எ, மறுமுறை வந்தால் தி' என்று மனப்பாடம் செய்கிறவர்களுக்கு, உள்ளுக்குள் இருக்கும் இந்த அறிவைத் தொட வழியே கிடைப்பதில்லை.

காலத்தில்தான் சிக்கல் அதிகம். வினைக்குப் பின்னால் வரும் 'லெ' என்ற ஒட்டுச்சொல்லை இறந்தகாலம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அது காலம் காட்டுவதில்லை. செயல் முடிந்ததைக் காட்டுகிறது. நாளைக்குச் சாப்பிட்டு முடித்தபின் கிளம்புவேன் என்பதிலும் அந்த 'லெ' வரும். விளைவு, 'டுமாரோ ஐ ஏட் டின்னர், தென் ஐ வில் கோ' என்று எழுதுகிறார்கள். தமிழர்களுக்கு இது உடனே புரியும்: 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்' என்கிறோமே, அந்தச் 'சாப்பிட்டு' இலக்கணப்படி இறந்தகால வினையெச்சம்தான், எதிர்கால வாக்கியத்தில் கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சின்ன வயதில் எனக்கு மீன் பிடிக்கும் என்று சொல்ல சீனத்தில் 'லெ' தேவையில்லை. ஆகவே 'வென் ஐ வாஸ் யங், ஐ லைக் ஃபிஷ்' என்று வரும். பக்கத்திலேயே 'வாஸ்' இருந்தும் வரும்.

தாளில் 'லாஸ்ட் வீக்' பக்கத்தில் இருக்கும்போது சரியாகப் போடும் இதே பையன், தானாக ஒரு பக்கம் எழுதும்போது முதல் இரண்டு வாக்கியம் இறந்தகாலத்தில் போகும், மூன்றாவதிலிருந்து நிகழ்காலத்துக்கு வழுக்கிவிடும். சீனத்தில் கதை சொல்கிற மனசு, நேற்று என்று ஏற்கனவே சொல்லியாயிற்றே என்று அமைதியாகிவிடுகிறது. அவன், அவள் விஷயமும் இப்படித்தான். பேச்சில் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலி. எழுத்தில்தான் வேறு வேறு, அதுவும் சுமார் நூறு ஆண்டுப் பழக்கம். அதனால் எழுதும்போது பிசகாதவர்கள் பேசும்போது 'மை மதர்' என்று தொடங்கி 'ஹி' என்று முடிப்பார்கள். நம்மில் மரியாதைக்காக 'அவங்க' என்று சொல்லும்போது ஆணா பெண்ணா என்று தெரியாமல் போவது போலத்தான். விதி தெரியாததால் வரும் தவறு இது இல்லை என்பதால், விதியை மறுபடி சொல்லிப் பயனில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சர்ச்சையைச் சொல்ல வேண்டும். 1981-இல் ஆல்ஃபிரட் புளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர், நடக்காததை நடந்ததாக வைத்து யோசிக்கும் 'அப்படி நடந்திருந்தால்' வகை வாக்கியங்களுக்குச் சீனத்தில் தனி வடிவம் இல்லாததால், சீனம் பேசுகிறவர்களுக்கு அப்படி யோசிப்பது கடினம் என்று வாதிட்டார். கதை ஒன்றைக் கொடுத்துக் கேள்வி கேட்டிருந்தார், சீனம் பேசுகிறவர்கள் பலர் தவறாகப் பதில் சொன்னார்கள். 1983-இல் டெரி ஆவ் என்ற இன்னொரு ஆய்வாளர் அதே சோதனையைத் திருப்பிச் செய்தார். புளூமின் சீனப் பத்தியே சீனம் மாதிரி இல்லை என்பது அவர் கருத்து. இயல்பான சீனத்தில் எழுதிக் கொடுத்தபோது மாணவர்கள் சுலபமாகப் புரிந்துகொண்டார்கள். எனக்கு இதில் பிடித்த பாடம் மொழியியல் தாண்டியது. பத்தி மோசமாக இருந்தால் மாணவனைப் பற்றித் தவறான முடிவுக்கு வருவோம். இங்கே பள்ளிகளில் பிள்ளைகள் மிகவும் பயப்படும் பகுதி இந்த 'இஃப் ஐ ஹேட்' வகைதான். அவர்களுக்குக் கிடைக்கும் உதாரணங்களோ யாரும் யாரிடமும் சொல்லாத வாக்கியங்கள். 'பஸ்ஸை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்று கேட்டால், வகுப்பாசிரியரின் முகத்தை நடித்தே காட்டிவிடுகிறார்கள்.

சரி, வேறென்ன செய்யலாம்? எனக்குப் பலன் தந்தவை சில.

முதலாவது, இரண்டு விடையும் இலக்கணப்படி சரியாக இருக்கும் கோடுகள். 'மை கிராண்ட்ஃபாதர் ____ இன் செங்டூ ஃபார் தர்ட்டி இயர்ஸ்.' இதில் 'லிவ்ட்' போடலாம், 'ஹேஸ் லிவ்ட்' போடலாம். அட்டை ஓட்டை வழியாகப் பார்த்தால் முடிவு செய்யவே முடியாது. பிள்ளைகள் முதலில் எரிச்சலாவார்கள், "சரியான விடை எது ஆயீ?" என்று. இரண்டுக்கும் அடுத்த வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஒரு பெண் 'லிவ்ட்' போட்டுவிட்டு, இப்போது தாத்தா எங்களோடு சூச்சோவில் இருக்கிறார், இங்கே சாப்பாட்டில் காரமே இல்லை என்று தினமும் திட்டுகிறார் என்று எழுதினாள். 'ஹேஸ் லிவ்ட்' போட்டதற்கு, எத்தனை முறை கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறார் என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த பையன் மெதுவாக, "தாத்தா செத்துப்போயிருந்தா?" என்று கேட்டான். அதற்கும் 'லிவ்ட்'தான் என்று அவளே சொல்லிவிட்டாள். விளக்க எனக்கு எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது, தவறு நோட்டு. சீன மாணவர் ஒவ்வொருவரிடமும் தவறாகச் செய்த கேள்விகளை எழுதி வைக்கும் நோட்டு ஒன்று இருக்கும். நல்ல பழக்கம், நம் ஊருக்கும் வர வேண்டும். ஆனால் ஆங்கிலத்துக்கு அவர்கள் கோடிட்ட வாக்கியத்தை மட்டும் எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் விதியின் பெயரை எழுதுவார்கள். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: முந்தைய வாக்கியம், பிந்தைய வாக்கியம் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், விதியின் பெயருக்குப் பதிலாக எந்தச் சொல் உங்களுக்குத் துப்பு கொடுத்திருக்க வேண்டுமோ அதை அடிக்கோடிடுங்கள். நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது ஒன்றுதான் இதில் வந்த புகார்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. டிக்டோகிளாஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூத் வைன்ரிப் 1990-இல் விரிவாக எழுதிப் பரப்பிய முறை. ஐந்தாறு வாக்கியக் கதையை ஆசிரியர் சாதாரண வேகத்தில் இரண்டு தடவை வாசிப்பார். முழுதாக எழுத நேரம் இருக்காது. முக்கியச் சொற்களைக் குறித்துக்கொண்டு, குழுவாக உட்கார்ந்து கதையைத் திரும்பக் கட்ட வேண்டும். சொல்லுக்குச் சொல் டிக்டேஷன் எழுதிப் பழகிய பிள்ளைகள் இவர்கள். முதல் தடவை பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அப்புறம் பிடித்துப்போனது.

மெட்ரோவில் ஒரு பெரியவர் குடையை மறந்துவிட்டு இறங்குகிறார், ஒரு பெண் அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். இது நான் எழுதிய கதை. பெண் குடையைப் பார்க்கும் வாக்கியத்தில் 'எ'வா, 'தி'யா என்று சண்டை வந்தது. குடை முன்பே வந்துவிட்டது, மறுமுறை, ஆகவே 'தி' என்றது விதி தெரிந்த கட்சி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது யாருடையது என்றே தெரியாதே, அவள் கண்ணுக்கு அது ஏதோ ஒரு குடைதானே என்றது இன்னொரு கட்சி. வாசிக்கிறவருக்குத் தெரிந்ததை வைத்து எழுதுவதா, பாத்திரத்துக்குத் தெரிந்ததை வைத்து எழுதுவதா? எழுத்தாளர்கள் யோசிக்கும் கேள்வி அது. விருந்தாளி வந்துட்டார், யாரோ விருந்தாளி வந்திருக்கார் என்ற அந்தப் பழைய வேறுபாட்டை ஒருவன் இங்கே இழுத்து வந்தான். சண்டை முழுக்கச் சீனத்தில் நடந்தது, நான் தடுக்கவில்லை. பெண் ஓடிப்போய்ச் சேருவதற்குள் பெரியவர் போய்விட்டிருந்தார் என்ற இடத்தில் 'ஹேட் லெஃப்ட்' தானாகவே வந்து விழுந்தது. 'லெஃப்ட்' என்று மட்டும் எழுதிய குழுவிடம், அப்படியென்றால் அவள் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஓடினாரா என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள்.

தேர்வுத் தாளுக்குள்ளேயே இப்படி ஒரு பகுதி வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் கொடுத்து, சுமார் 150 சொற்களில் முடிக்கச் சொல்லும் கேள்வி. குவாங்டோங் வெளிநாட்டு மொழிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வாங் சூமிங் பல காலம் வலியுறுத்திய கருத்து இதன் பின்னால் இருக்கிறது: நல்ல உரை ஒன்றைப் படித்துத் தொடர்ந்து எழுதும்போது, அதன் மொழி எழுதுகிறவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணத்தில் முதலில் வந்தது, இப்போது தேசியப் புதுத் தாள்களில் 25 மதிப்பெண். கதை இறந்தகாலத்தில் இருந்தால் நீங்களும் அங்கேயே நிற்க வேண்டும், 'ஷி' யார், 'தி டாக்' எது என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். அட்டை ஓட்டை இங்கே செல்லாது.

ஆனால் பயிற்சிக் கடைகள் சும்மா இருக்குமா? கண்ணில் நீர் பொங்கியது, இதயம் தொண்டைக்கு வந்தது, சூரிய ஒளி அவள் முகத்தில் விழுந்தது என்று எந்தக் கதைக்கும் ஒட்டக்கூடிய வாக்கியங்களைக் கட்டுக் கட்டாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நாய் தொலைந்த கதையிலும் சூரிய ஒளி, சமையல் போட்டிக் கதையிலும் சூரிய ஒளி. எங்கள் மேசையில் அதற்கு அபராதம் உண்டு, அடுத்த வாரம் நொறுக்குத்தீனி அவர் பொறுப்பு.

அக்கா ஒருநாள் நேராகவே கேட்டார், "இதனால மார்க் ஏறுமா?" நியாயமான கேள்வி, நான் மழுப்பவில்லை. கடைசி வருடத்தில், அதுவும் தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது இதையெல்லாம் தொடங்க வேண்டாம். அப்போது பழைய தாள்களைப் போட்டுத் தள்ளுவதுதான் வேலை, மூன்று சொல் பார்த்து விடை எழுதும் உத்தியும் நல்ல உத்திதான், 15 மார்க்கை யாரும் தூக்கி எறிய முடியாது. குடைச் சண்டைக்கெல்லாம் நேரம் முதல் வருடத்தில்தான் இருக்கிறது. முதல் வருடப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்றேன். இப்போது அவருடைய தங்கை மகள் வருகிறாள், கூடவே அவளுடைய தோழிகள் இரண்டு பேர். மேசைதான் போதவில்லை.